ஆற்றில் படகு வேகம்: பாதி குறைத்தால் போதுமா?

கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தானுக்கு மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும்: அங்கே சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்வது இயந்திரம் இல்லாத, கையால் துடுப்புப் போடும் சம்பான். அதே சிலாங்கூர் ஆற்றில்தான் இயந்திரப் படகுகளும் ஓடுகின்றன. இப்படிப் பலரும் பங்கிட்டுக்கொள்ளும் நீர்வழிகளில் வேக வரம்பை மறுஆய்வு செய்யும்போது, 'எத்தனை நாட்?' என்றே முதலில் கேட்கிறார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

சாலையில் வேகம் குறைந்தால் ஆபத்தும் குறையும். தண்ணீரில் அது அவ்வளவு நேரானதல்ல. சிறிய விசைப்படகு மிக மெதுவாகப் போனால் அலை சிறியது. முழு வேகத்தில் போனால் படகு நீரின் மேல் எழும்பிச் சறுக்குவதால் அலை ஓரளவு குறைகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில்தான் வினை. மூக்கு மேலே தூக்கி, பின்புறம் அமிழ்ந்து, படகு மிகப் பெரிய அலையைக் கிளப்பும். 'பாதியாகக் குறைத்துவிட்டேன்' என்று ஓட்டுநர் நினைக்கும் நேரத்தில், பக்கத்துச் சம்பான் தள்ளாடிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. படகு நீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்க வேண்டும். 16 அடிப் படகுக்கு விடை சுமார் 5.4 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அதற்கு நன்றாகக் கீழே இருந்தால்தான் அலை அடங்கும். இத்தகைய படகுகள் ஓடும் இடத்தில் 8 அல்லது 10 நாட் என்று பலகை நட்டால், வரம்பே அலையை வளர்த்துவிடும்.

அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த அடி முதலில் விழுவது கரையில்தான். பெரெம்பாங் மரங்களில் மின்னும் பூச்சிகளின் புழுக்கள், கரையோரச் சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளர்பவை. கரை கரைந்தால் மரமும் போகும், பூச்சியும் போகும்.

கடலில் மோதல் தடுப்புக்கான 1972ஆம் ஆண்டு அனைத்துலக விதிகளில், 6ஆவது விதி 'பாதுகாப்பான வேகம்' பற்றியது. அதில் எண்ணே கிடையாது. பார்வைத் தெளிவு, படகு நெரிசல், காற்று, நீரோட்டம், இரவில் கரை விளக்குகளின் கூச்சம் ஆகியவற்றைப் பார்த்து ஓட்டுநரே முடிவு செய்ய வேண்டும். 9ஆவது விதிப்படி குறுகிய நீர்வழியில் வலப்பக்கம் ஒட்டிப் போக வேண்டும். சாலையில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இது எளிதில் மறந்துபோகும்.

வேகம் மட்டுமே உயிரைக் காப்பதுமில்லை. 2007 நவம்பர் 23ஆம் தேதி கம்போடியாவின் தொன்லே சாப் ஆற்றில் சிங்கப்பூர் டிராகன் படகுக் குழுவின் படகு கவிழ்ந்து 5 பேர் மாண்டனர். அவர்கள் உயிர்காப்பு மேலங்கி அணிந்திருக்கவில்லை. 2010 ஜனவரி 17ஆம் தேதி பினாங்கில் டிராகன் படகு ஒன்று இழுவைப் படகில் மோதிக் கவிழ்ந்ததில் 6 பேர் பலியாயினர். இரண்டும் துடுப்புப் படகுகள்.

ஆகவே படகில் ஏறும்போது மேலங்கி இருக்கைக்கு அடியில் கிடக்கிறதா, உடம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவிலேயே கேளுங்கள். பெரியவர்களின் மேலங்கி தலைவழியே நழுவிவிடும். விசைப்படகு என்றால், ஓட்டுநர் தண்ணீரில் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிறு அவர் உடம்பில் மாட்டியிருக்கிறதா என்றும் கேட்கலாம்.