92ஆ 95ஆ? பெரியப்பாவிடம் கேட்டோம்

வெள்ளவத்தையில் மூன்று பேர், கொட்டாஞ்சேனையில் இரண்டு பேர், மொத்தம் ஐந்து மோட்டார் சைக்கிள். ஏ9 வழியாக யாழ்ப்பாணம் போய்வருவதாகத் திட்டம். வெளிக்கிட முதலே பெற்றோல் செட்டில் சண்டை தொடங்கிவிட்டது. "தூரப் பயணம், 95 அடிப்பம்" என்றான் ஒருவன். "உன்ர காசெண்டா அடி" என்றான் மற்றவன்.

95 என்றால் கூடுதல் வலு என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அப்படியில்லை. சிலிண்டருக்குள் அமுக்கப்படும் பெற்றோல் கலவை தானாகப் பற்றி வெடித்துவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்வதுதான் ஒக்டேன் இலக்கம். தாக்குப்பிடிக்காவிட்டால் எஞ்சின் இடிக்கும். அந்த இடிப்பை நிறுத்த 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி ஓர் ஈயச் சேர்மத்தைக் கண்டுபிடித்தார். இடிப்பு நின்றது, ஈயம் உலகம் முழுக்கக் குழந்தைகளின் இரத்தத்தில் ஏறியது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் ஒழிந்தது 2002இல்தான். அதுவரை காலி வீதிப் புகையைக் குடித்து வளர்ந்த அண்ணன்மாரிடம் இதை யார் சொன்னார்கள்?

எந்தப் பெற்றோல் என்பதை இந்த நாட்டில் வண்டிக்காரன் தீர்மானித்தது குறைவு. 1961இல் சிறிமாவோ அரசு பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ கம்பனிகளின் சொத்துகளைக் கையேற்றது. நட்டஈட்டுத் தகராறில் 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. பிறகு ஏறத்தாழ நாற்பது வருடம் செட் என்றால் கூட்டுத்தாபனம்தான். 2003இல் லங்கா ஐஓசி வந்தது.

வடக்கில் கதை வேறு. 1990இல் பொருளாதாரத் தடை வந்தது; பெற்றோல் போகவில்லை. எங்களில் ஒருவனின் பெரியப்பா அப்போது யாழ்ப்பாணத்தில் எம்டி 90 ஓடியவர். ஓடியது மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். வெள்ளைப் புகை, கரி பிடித்த பிளக், தண்ணியாகிப்போன எஞ்சின் ஒயில். மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலுக்குக் கிட்டவும் வராது. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்றபடியால் அதையும் தாங்கின. மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஏ40 கார்களும் அப்படித்தான் ஓடின. மணத்தை வைத்தே வண்டி வருவது தெரியுமாம்.

கொழும்புக்கு அந்த நிலைமை 2022இல் கொஞ்சம் விளங்கியது. யூன் 26ஆம் திகதி 92 லீற்றர் 470 ரூபா, 95 லீற்றர் 550 ரூபா. இரண்டு நாளில் அத்தியாவசிய சேவை தவிர்ந்த எல்லோருக்கும் விற்பனையை நிறுத்தினார்கள். பிறகு கியூஆர் வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வரிசையில் விடிய விடிய நின்றவன் எந்த ஒக்டேன் என்று கேட்கவில்லை, இருப்பதை அடித்தான்.

சண்டையைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனோம். சிரித்தார். "கைநூலைப் பாருங்கோடா. எங்களுக்குத்தான் பாக்கிறதுக்கு வழியில்லாமல் கிடந்தது."

பார்த்தோம். நாலு கைநூலில் 91 அல்லது அதற்கு மேல் என்றிருந்தது. ஐந்தாவது வண்டிக்கு அமுக்கம் கூட. அது 95 கேட்டது. முதலாவது கூட்டத்துக்கு 95 அடித்தால் காசு போகுமே தவிர வேகம் வராது; கடைசி வண்டிக்கு 92 அடித்தால் ஏற்றத்தில் இடிக்கும்.

நாலு பேர் 92 அடித்தோம். 95தான் வேணும் என்று நின்றவனின் வண்டியும் அந்த நாலுக்குள்தான்.