எட்டு டாலரும் எல்லைக் கதவும்



பூம்பாறையிலிருந்து வந்து என்னிடம் படித்த தம்பி ஒருவர், மோட்டார் சைக்கிளில் நேபாளம், பூட்டான், மியான்மர், தாய்லாந்து வழியாக மலேசியா வரை போகத் திட்டமிட்டுச் செலவுக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். முதல் நெடும்பயணம். ஆறு வருடச் சேமிப்பு. பெட்ரோல், சாப்பாடு, தங்கல், பஞ்சர் வரை எழுதியவர் ஒரு தலைப்பை விட்டுவிட்டார். அதைச் சரித்திரத்திலிருந்து சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

நம் மலையிலிருந்தே தொடங்குவோம். 1845இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது சாலை கிடையாது. பிற்பாடு 1875இல் மதுரைக்கு ரயில் வந்தும், அம்மையநாயக்கனூரில் இறங்கி, பெரியகுளம் பக்கத்து மலையடிவாரம் வரை மாட்டு வண்டியில் போக வேண்டும். அதற்கு மேல் நடை, குதிரை அல்லது டோலி. சாமான் எல்லாம் கூலியாட்கள் தலையில். ரயில் எத்தனை மைல் ஓடினாலும், செலவைத் தீர்மானித்தது அந்தக் கடைசிப் பத்துப் பன்னிரண்டு மைல்தான். ஒரு பெட்டி கூடினால் ஒரு ஆள் கூலி கூடும். 1910களின் நடுவில் காட் ரோடு திறந்த பிறகுதான் அந்தக் கணக்கு மாறியது.

அடுத்தது என் தலைமுறைக்குத் தெரிந்த கதை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. அந்தக் காலத்தில் வெளிநாடு போகிறவர் கையில் கொண்டுபோக அனுமதித்தது 8 டாலர், அதாவது 60 ரூபாய். வீட்டில் லட்சம் இருந்தாலும் அவ்வளவுதான். அங்கே இருக்கும் உறவினர் செலவை ஏற்றுக்கொண்டால்தான் பயணமே. இன்று அப்படியில்லை. 2004இல் ஆண்டுக்கு 25,000 டாலர் என்று தளர்த்தி, 2015இல் 2,50,000 ஆக்கினார்கள்.

மூன்றாவது, மணிப்பூர் எல்லையில் இருக்கும் மோரே. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளை அரசே எடுத்துக்கொண்டபோது, நம்மவர்கள் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இங்கே பிழைப்பு அமையாத சிலர் தரைவழியாகத் திரும்பப் புறப்பட்டார்கள். எல்லையில் விடவில்லை. நின்ற இடத்திலேயே குடியேறினார்கள். மோரேயில் தமிழ்ச் சங்கமும் கோயிலும் வந்த கதை இதுதான். கதவு மூடினால் வழியில் நிற்பவரின் கதி என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த மூன்றும் சொல்வது ஒன்றே: நெடும்பயணத்தில் தூரத்தின் செலவு சிறியது, கதவுகளின் செலவு பெரியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்றால் 333 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் சுமார் 33,000 ரூபாய். பூட்டானில் இந்தியர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம்; பத்து இரவு தங்கினால் 12,000 ரூபாய், அறை வாடகை தனி. நேபாள எல்லையில் வண்டிக்கு நாள் கணக்கில் பன்சார் கட்ட வேண்டும். அப்பால் உள்ள பல நாடுகளில் வண்டிக்கே பாஸ்போர்ட் மாதிரி கார்னே என்ற பத்திரம் கேட்பார்கள். அதற்குப் பெரிய தொகையோ வங்கி உத்தரவாதமோ பிணையாக வைக்க வேண்டும். எல்லா முத்திரையோடும் வண்டி ஊர் திரும்பினால்தான் அது விடுபடும். செலவில்லை என்றாலும், பயணம் முடியும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பின் அந்தச் சாலையை நம்பிப் புறப்பட முடியாது. வண்டியைக் கப்பலிலோ விமானத்திலோ அனுப்ப வேண்டிவரும்.

அதனால் தம்பி, நோட்டில் முதல் பக்கத்தில் பெட்ரோலை எழுதாதீர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் விசா, வண்டி அனுமதி, இன்சூரன்ஸ், திரும்பி வரும் பணம் என்று நான்கு கட்டம் போடுங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த நாட்டை இந்த முறை விட்டுவிடுங்கள். முதலில் நேபாளமும் பூட்டானும் போதும். மிச்சச் சேமிப்பு பத்திரமாக இருந்தால் அடுத்த பயணம் தானே வரும். நான் தடுக்கவில்லை, போய்வர வேண்டும் என்பதே என் ஆசை.

சுங்கத்துறையில் இருக்கும் மாணவர்களும், வண்டியோடு எல்லை தாண்டி வந்தவர்களும், நீங்கள் கட்டிய தொகையைக் கீழே எழுதுங்கள். தம்பிக்கு உதவும்.