மன்செஸ்ரர் லிவர்பூல் வீதிப் புகையிரத நிலையம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

புகையிரதத்தின் வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களினதும் அவற்றை ஆக்கிய பொறியியலாளரினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அது எவ்வர்க்கத்தினரின் தேவையை ஒட்டித் தோன்றிற்று என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இவ்வினாவிற்கு விடைகாண மன்செஸ்ரரின் லிவர்பூல் வீதி நிலையம் தக்கதொரு சான்றாகும் என்பது எமது கருத்து.

1830 செப்ரெம்பர் 15 ஆம் திகதி திறக்கப்பட்ட லிவர்பூல் - மன்செஸ்ரர் பாதையின் கிழக்கு முனையம் இது. ஏறத்தாழ 31 மைல் நீளமான இப்பாதையை அமைத்த பொறியியலாளர் ஜோர்ஜ் ஸ்ரீவன்சன். லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பருத்தியைக் கால்வாய்வழியிலும் விரைவாக ஆலைகளுக்குக் கொணர்வதே இதற்கு முதலீடு செய்த வணிகரின் முதன்மை நோக்கம். அப்பருத்தியிற் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. தண்டவாளத்தின் மறுபுறத்தே அதே ஆண்டில் எழுந்த பண்டகசாலை இந்நோக்கத்தை இன்றும் உணர்த்தி நிற்கின்றது.

நிலையக் கட்டடமும் சமூக ஏற்றத்தாழ்வைப் பிரதிபலித்தது. முதலாம் வகுப்பினருக்கு ஒரு வாயில்; இரண்டாம் வகுப்பினருக்கு வேறொரு வாயில். பயணச்சீட்டு வழங்குமிடமும் காத்திருக்கும் அறையும் அவ்வாறே பிரிக்கப்பட்டிருந்தன. செல்வர் ஏறும் படிக்கட்டிற் பிறர் காலடி படவில்லை.

திறப்புநாளில் லிவர்பூற் பாராளுமன்ற உறுப்பினர் ஹஸ்கிசன் 'றொக்கற்' இயந்திரத்தில் அடிபட்டு இறந்தமை எல்லா நூல்களிலும் கூறப்படுகின்றது. அன்று மன்செஸ்ரரில் நிகழ்ந்ததோ அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. 1819 இல் பீற்றர்லூத் திடலிற் குதிரைப்படையினர் மக்களை வெட்டி வீழ்த்திய நகரம் அது. பாராளுமன்றச் சீர்திருத்தத்தை எதிர்த்த பிரதமர் வெலிங்ரன் கோமகனை நகரத்து உழைப்பாளர் கூச்சலுடன் எதிர்கொண்டனர். அவர் வண்டியை விட்டு இறங்கவேயில்லை. முதலாளித்துவத்தின் வெற்றிவிழாவில் உழைக்கும் மக்களின் எதிர்ப்புக் குரலும் ஒலித்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பாதை நகரின் வேறொரு பகுதிக்கு நீடிக்கப்பட்டதும், 1844 மே மாதத்துடன் இங்குப் பயணிகள் சேவை முடிவுற்றது. பண்டப் போக்குவரத்து மட்டும் 1975 வரை நீடித்தது. 14 ஆண்டுகள் மனிதரையும் 145 ஆண்டுகள் பண்டங்களையும் ஏற்றியிறக்கிய நிலையம் இது. அது எதற்காக எழுந்தது என்பதற்கு இக்கணக்கே போதிய சான்று. 1983 இல் இவ்விடம் நூதனசாலையாயிற்று.

பழைய கட்டடங்களைப் பேணுதல் வரவேற்கத்தக்கதே. எனினும், கல்லையும் இரும்பையும் மாத்திரம் பேணி, இரு வாயில்களின் பொருளை மறைப்போமாயின், நாம் காப்பது கட்டடமேயன்றி வரலாறாகாது.