புதுப் பொட்டியும் இலாக்கோ ஹவுஸும்

போன வாரம் எங்கள் ஸ்டுடியோவுக்குப் புதுப் பொட்டி ஒன்று வந்தது. பொட்டி என்றால் கம்ப்யூட்டர்தான். அனிமேஷன் வேலைக்கென்றே சேர்த்துக் கட்டிய டெஸ்க்டாப். அதன் கிராஃபிக்ஸ் கார்டில் மட்டும் 24 ஜிபி மெமரி இருக்கிறது. முதல்நாள் ராத்திரி முழுக்க ஓடியும் முடியாமல் நின்ற ஒரு ஷாட்டை அதில் போட்டோம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாதி பிரேம்கள் முடிந்திருந்தன.

சின்னப் பையன்கள் "தாருன், தாருன்" என்று செல்போனில் படம் எடுத்தார்கள். தயாரிப்பு மேலாளர் ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "அப்போ இந்த எபிசோடை மூணு வாரத்துல முடிச்சிடலாம்ல? ஆளும் இத்தனை பேர் வேண்டியதில்லையே?" என்றார். லைட்டிங் டீமில் நாங்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் ஒப்பந்தத்தில் வந்த சின்னப் பிள்ளைகள். அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

பக்கத்தில் இருந்த தாதா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இலாக்கோ ஹவுஸ் ஞாபகம் வருது."

தாதா என்றால் இங்கே அண்ணன். நம்ம ஊர் சினிமா தாதா இல்லை :-) ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. கையால் வரைந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். கல்கத்தாவுக்கு வந்து டாக்குரியாவில் குடியேறி இத்தனை வருஷமாகியும் எனக்கு இலாக்கோ ஹவுஸ் என்றால் என்னவென்று தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொன்னதையும், அதற்கப்புறம் நான் தேடிப் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இலாக்கோ ஹவுஸ், பிரபோர்ன் சாலையில் இருக்கும் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கட்டடம். 1960-களின் இரண்டாம் பாதியில் அங்கே ஒரு கம்ப்யூட்டரை நிறுவ நிர்வாகம் முடிவு செய்தது. பிரீமியக் கணக்கு, பாலிசிப் பதிவு எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்கள் கையால் எழுதிக்கொண்டிருந்த காலம். "இயந்திரம் உள்ளே வந்தால் நாங்கள் வெளியே" என்று ஊழியர்கள் பயந்தார்கள். அகில இந்திய இன்ஷூரன்ஸ் ஊழியர் சங்கத்தின் தலைமையில், இயந்திரம் கட்டடத்துக்குள் நுழையாதபடி இரவும் பகலும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். தாதாவின் அப்பா அவர்களில் ஒருவர். "நான் கைக்குழந்தை. அப்பா பல ராத்திரி வீட்டுக்கே வரமாட்டாராம். பேப்பரை விரிச்சுப் படுத்திருப்பாங்களாம்" என்றார்.

இந்தக் கதையைப் பிற்பாடு எல்லோரும் கேலியாகத்தான் சொன்னார்கள். "கம்ப்யூட்டரை எதிர்த்த ஊர், அதனால்தான் பெங்களூரிடம் தோற்றது" என்று நானே சென்னையில் இருந்தபோது பேசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அது கல்கத்தாவின் விசித்திரமாக மட்டும் பார்க்கப்படவில்லை. மத்திய அரசே 1969-இல் வி.எம். தாண்டேகர் தலைமையில் ஆட்டோமேஷன் பற்றி ஆராய ஒரு குழுவைப் போட்டது. வங்கிகளில் எவ்வளவு தூரம் இயந்திரங்களை நுழைக்கலாம் என்பதே 1983-இல் ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் முடிவானது.

இதில் எனக்கு அதிசயமாக இருந்தது வேறு ஒன்று. இதே ஊர்தான் இந்தியாவுக்குக் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்திய ஊரும்.

வடக்கே பாராநகரில் மஹாலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. அங்கே 1953-இல் சமரேந்திர குமார் மித்ரா, பத்து மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்க ஒரு அனலாக் கணினியைச் செய்தார். அடுத்து இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்ற இயந்திரத்தை வாங்கினார்கள். 1955-இல் கப்பலில் வந்து, 1956-இல் வேலை செய்யத் தொடங்கியது. இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினி அதுதான். பத்தடி நீளம், ஏழடி அகலம், ஆறடி உயரம். ஆளை விழுங்கும் அந்தப் பூதத்தின் சுழலும் டிரம் மெமரியில் 1024 சொற்கள்தான் அடங்கும், ஒவ்வொன்றும் 16 பிட். நம் கணக்கில் மொத்தம் 2 கேபி. சினிமாவுக்கு நாங்கள் கொடுக்கும் ஒரு 2கே பிரேம் சுமார் 12 எம்பி. ஒரே ஒரு பிரேமை வைக்க அப்படிப்பட்ட டிரம் 6000 வேண்டும். ஒரு வினாடிக்கு 24 பிரேம்!

அது போதாதென்று, அந்தக் கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து டிரான்சிஸ்டர்களை வைத்துத் தாங்களே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். பெயர் ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1. அது 1966-இல் இயங்க ஆரம்பித்தது. ஜாதவ்பூர், டாக்குரியாவிலிருந்து ரயிலில் அடுத்த ஸ்டேஷன். எத்தனையோ தடவை 8பி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்தப் பல்கலைக்கழக வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன். உள்ளே இப்படி ஒரு சரித்திரம் இருப்பது தெரியாமல்தான்.

ஆக, ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே ஊரில், தெற்கே ஒரு கூட்டம் ராப்பகலாக உட்கார்ந்து கம்ப்யூட்டரைக் கட்டியது. டல்ஹவுசி பக்கம் இன்னொரு கூட்டம் ராப்பகலாக உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தடுத்தது. முதல் கூட்டம் புத்திசாலி, இரண்டாவது கூட்டம் முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். ஜாதவ்பூரில் இருந்தவர்கள் கையில் இயந்திரம் இருந்தது. அதை என்ன செய்யச் சொல்வது என்று அவர்கள்தான் தீர்மானித்தார்கள். இலாக்கோ ஹவுஸில் இருந்தவர்களுக்கோ அது வேறு யாரோ முடிவு செய்து அனுப்பிய பார்சல்.

சரி, அனிமேஷனுக்கு வருவோம். எங்கள் தொழிலில் இலாக்கோ ஹவுஸ் மாதிரி காவல் எதுவும் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பயம் இருந்தது.

கையால் வரையும் அனிமேஷனில் பெரிய கலைஞர் முக்கியமான நிலைகளை வரைவார். நடுவில் வரும் அசைவுகளை வரைய இன்பிட்வீன் ஆட்கள். பிறகு அதைச் செல்லுலாய்டு தாளில் மையால் படி எடுத்து, பின்பக்கம் வர்ணம் பூச ஒரு பெரிய கூட்டம். டிஸ்னியில் இந்த மை, வர்ண வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1989-இல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்டு' படத்தின் கடைசிக் காட்சியில் டிஸ்னியும் பிக்ஸாரும் சேர்ந்து செய்த 'கேப்ஸ்' என்ற கம்ப்யூட்டர் முறையைச் சோதித்தார்கள். 1990-இல் வந்த 'தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' முழுக்க அதில் வர்ணம் பூசிய படம். அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த ஒரு கைவேலை சில வருஷங்களில் முடிந்தது.

அதற்குப் பின் சிலிக்கான் கிராஃபிக்ஸ் காலம். 1980-களின் தொடக்கத்தில் ஜிம் கிளார்க் தொடங்கிய கம்பெனி. முப்பரிமாணக் கணக்கைப் போடத் தனிச் சிப் வைத்து, மேஜைமேல் வைக்கிற அளவில் இயந்திரம் செய்தார்கள். 1991-இல் இண்டிகோ, 1993-இல் இண்டி, 1996-இல் ஓ2, 1997-இல் ஆக்டேன். நீலம், பச்சை என்று ஆளுக்கொரு நிறம். இந்தியாவில் ஒன்றின் விலை பல லட்சம். தாதா முதன்முதலில் ஒன்றைப் பார்த்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போகச் சொன்னார்களாம். "கோயில்ல கூட்டம் நிக்கிற மாதிரி நின்னோம். தொடுறதுக்கு ஒருத்தருக்குத்தான் அனுமதி."

அந்தக் காலத்தின் மிகப் பிரபலமான எதிர்வினை ஹாலிவுட்டில் நடந்தது. 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்துக்குப் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுக்கும் ஃபில் டிப்பெட் ஏற்பாடாகியிருந்தார். கம்ப்யூட்டரில் செய்த டைனோசர் ஓடும் சோதனைக் காட்சியைப் பார்த்ததும், தானே அழிந்துபோன இனம் ஆகிவிட்டதாகச் சொன்னார். ஸ்பீல்பெர்க் அதே கருத்தைப் படத்தில் வசனமாகவே வைத்துக்கொண்டார்.

பலர் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். டிப்பெட்டை வெளியே அனுப்பவில்லை. மூட்டுக்கு மூட்டு சென்ஸார் பொருத்திய ஒரு டைனோசர் எலும்புக்கூட்டைச் செய்தார்கள். பொம்மைக் கலைஞர்கள் எப்போதும்போல் அதைக் கையால் நகர்த்துவார்கள், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டைனோசர் அதன்படி அசையும். மவுஸ் பிடிக்கத் தெரியாதவர்களின் பல வருஷ அனுபவம் அப்படித்தான் உள்ளே போனது. அந்தப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றவர்களில் டிப்பெட்டும் ஒருவர்.

நம்ம ஊரிலும் அதே வருஷங்கள்தான். 1994-இல் 'காதலன்' படத்தில் தலையும் கையும் இல்லாமல் உடை மட்டும் ஆடியது. 1996-இல் 'இந்தியன்' படத்தில் பழைய நேதாஜி காட்சிகளுக்குள் கமல் நுழைந்தார். (இதை இங்குள்ள நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால் நமக்குத் தனி மரியாதை.) 1998-இல் 'ஜீன்ஸ்'. மூன்றுமே சிறப்புக் காட்சிகளுக்குத் தேசிய விருது பெற்றவை. 2000-இல் சென்னை பென்டாஃபோர் நிறுவனத்தின் பங்களிப்போடு 'சிந்துபாத்: பியாண்ட் தி வெயில் ஆஃப் மிஸ்ட்ஸ்' வந்தது, முழுக்க மோஷன் கேப்சரை வைத்து எடுத்த முதல் முழுநீள அனிமேஷன் படம். என் தலைமுறையில் பாதிப் பேர் இந்தத் தொழிலுக்கு வந்ததே இவற்றைப் பார்த்துத்தான்.

அந்த விலையுயர்ந்த நீலப் பெட்டிகள் என்ன ஆயின? 1996-இல் 3டி ஸ்டுடியோ மேக்ஸ் சாதாரண விண்டோஸ் என்.டி. பொட்டியில் ஓடியது. 1998-இல் வந்த மாயாவும் சீக்கிரமே அங்கு வந்துவிட்டது. 1999-இல் என்விடியா விற்ற ஜிஃபோர்ஸ் 256 கார்டு, சிலிக்கான் கிராஃபிக்ஸ் தனிச் சிப்பில் செய்த வேலையை விளையாட்டுப் பிள்ளைகளின் பொட்டிக்கே கொண்டுவந்தது. 2003-இல் சிலிக்கான் கிராஃபிக்ஸின் தலைமையக வளாகத்தில் கூகுள் குடியேறியது. 2006-லும் 2009-லும் கம்பெனி திவால் மனு கொடுத்தது. கோயிலாக இருந்தது பத்து வருஷத்தில் காயலான் கடைக்குப் போனது.

இவ்வளவு வேகம் கூடியதே, எங்களுக்கு நேரம் மிச்சமானதா? இதற்கு ஜிம் பிளின் என்ற கிராஃபிக்ஸ் முன்னோடியின் பெயரால் ஒரு விதி இருக்கிறது: இயந்திரம் எவ்வளவு வேகமானாலும் ஒரு பிரேம் ரெண்டர் ஆகும் நேரம் குறையாது. வேடிக்கையாகச் சொன்னது என்று நினைத்தால் கணக்கைப் பாருங்கள். 1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி'யில் 1,14,240 பிரேம்கள். 117 சன் கம்ப்யூட்டர்களில் 8 லட்சம் மணி நேரம் ஓடின. சராசரி ஒரு பிரேமுக்கு 7 மணி. 18 வருஷம் கழித்து, பல மடங்கு வேகமான இயந்திரங்களில் செய்த 'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி'க்கு ஒரு பிரேம் சராசரி 29 மணி! மிச்சமான வேகமெல்லாம் ரோமத்துக்கும் வெளிச்சத்துக்கும் போனது. 2001 படத்தில் சல்லியின் உடம்பில் 23 லட்சம் ரோமம் இருந்தது. 2013-இல் அது இரண்டு மடங்குக்கும் மேல்.

படத்துக்குப் போனால் பரவாயில்லை என்பேன். எங்களைப் போல அடுத்தவருக்கு வேலை செய்து கொடுக்கும் ஸ்டுடியோக்களில் அது படத்துக்கும் போவதில்லை, வரைகிறவனுக்கும் போவதில்லை. கெடு குறைகிறது, ஆள் குறைகிறது. இலாக்கோ ஹவுஸில் பேப்பர் விரித்துப் படுத்தவர்கள் இயந்திரம் வராமலே இருந்துவிடும் என்று நம்பியது தப்பு. அது வந்தது. ஆனால் "மிச்சமாகிற நேரம் யாருக்கு?" என்று அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அந்தக் கேள்வியைக் கேலி செய்து அனுப்பிவிட்டோம். இப்போது அது என் டேபிளுக்கு வந்திருக்கிறது.

சனிக்கிழமை டாக்குரியா பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடையில் நானும் தாதாவும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். புதுப் பொட்டியால் வாரத்துக்கு எத்தனை மணி ரெண்டர் நேரம் மிச்சம், அதில் பாதியைக் கெடு குறைக்க வைத்துக்கொள்ளுங்கள், மீதியில் லைட்டிங்கை ஒரு சுற்றுக் கூடுதலாகத் திருத்துவோம், அந்தச் சுற்றை இரண்டு சின்னப் பிள்ளைகளும் செய்யட்டும். இதுதான் சாரம். டிப்பெட்டின் எலும்புக்கூட்டுக் கதையையும் இரண்டு வரி சேர்த்தேன்.

திங்கட்கிழமை கொடுத்தோம். மேலாளர் படித்தார், உதட்டைப் பிதுக்கினார், "இந்த ஒரு எபிசோடுக்கு மட்டும் பார்க்கலாம்" என்றார். அடுத்த எபிசோடுக்கு மறுபடி எழுத வேண்டும். எழுதுவோம்.

புதுப் பொட்டி இப்போது அந்த இரண்டு பேர் நடுவில்தான் இருக்கிறது. செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.