நுண் வெப்பமின் கருவி

நுண் வெப்பமின் கருவி என்பது வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து மின்னாற்றலைப் பெறவோ, மின்னோட்டத்தைச் செலுத்தி ஒரு பரப்பைக் குளிர்விக்கவோ பயன்படும், சில மில்லிமீட்டர் அல்லது அதனினும் சிறிய குறைகடத்திக் கருவி ஆகும். இதில் அசையும் உறுப்புகளோ குளிர்விக்கும் வளிமமோ இல்லை.

செயற்பாடு

பி-வகை, என்-வகைக் குறைகடத்தித் துண்டுகள் இணையிணையாக இரு பீங்கான் தகடுகளுக்கிடையே அடுக்கப்பட்டு, மின்வழியில் தொடராக இணைக்கப்படுகின்றன. தகடுகளின் வெப்பநிலை வேறுபட்டால் மின்னழுத்தம் தோன்றும். இது 1821-இல் கண்டறியப்பட்ட சீபெக் விளைவு. மின்னோட்டத்தைச் செலுத்தினால் ஒரு தகடு குளிர்ந்து மற்றது சூடாகும். இது 1834-இல் கண்டறியப்பட்ட பெல்ட்டியர் விளைவு. சூடாகும் பக்கத்திலிருந்து வெப்பத்தை அகற்றாவிடில் குளிர்விப்பு குன்றிவிடும்.

தகுதி எண்

சீபெக் கெழுவின் இருமடியை மின்கடத்துமையாலும் தனிவெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக் கடத்துமையால் வகுத்தால் கிடைப்பது தகுதி எண். மின்சாரத்தை நன்கு கடத்தும் பொருள் பெரும்பாலும் வெப்பத்தையும் நன்கு கடத்துவதால் இதை உயர்த்துவது கடினம். பரவலாகப் பயன்படும் பிசுமத்துத் தெலுரைடின் தகுதி எண் அறை வெப்பநிலையில் 1-ஐ ஒட்டியே உள்ளது.

மெல்லிய படலக் கருவிகள்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இராமா வெங்கடசுப்பிரமணியன் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழு, நானோமீட்டர் அளவிலான அடுக்குகளைக் கொண்ட படலத்தில் 2.4 என்னும் தகுதி எண்ணை எட்டியதாக 2001-இல் நேச்சர் இதழில் அறிவித்தது. இவ்வடுக்குகள் மின்னணுக்களைத் தடுக்காமல் வெப்பத்தை மட்டும் தடுக்கின்றன. 2009-இல் இன்டெல் ஆய்வாளர்களுடன் இணைந்து, கணினிச் சில்லின் மிகச் சூடான புள்ளி ஏறத்தாழ 15 பாகை செல்சியசு குளிர்விக்கப்பட்டது. 2025-இல் ஜான்சு ஆப்கின்சு பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகமும் சாம்சங் நிறுவனமும் இத்தகைய படலங்களால் குளிர்பதன முறையொன்றைச் செய்து காட்டின.

ஆற்றல் அறுவடையின் வரம்பு

உடல் வெப்பத்தால் இயங்கும் கைக்கடிகாரத்தை சீக்கோ நிறுவனம் 1998-இல் வெளியிட்டது. ஒரு பிசுமத்துத் தெலுரைடு இணை, ஒரு பாகை வேறுபாட்டிற்கு ஏறத்தாழ 0.4 மில்லிவோல்ட் தரும். 100 இணைகளுக்கு 5 பாகை வேறுபாடு கிடைத்தாலும் 0.2 வோல்ட்டே கிடைக்கும். ஆகவே மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றும் தேவைப்படுகிறது.

தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 முதல் 35 பாகை. காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் கோடைப் பகலில் காற்றின் வெப்பநிலையும் இதை எட்டும்போது மின்னாக்கம் நின்றுவிடும். காற்று மேலும் சூடானால் மின்னழுத்தத்தின் திசை மாறும். எனவே வெப்பமண்டலப் பகுதிகளில் உடல் வெப்பத்தைவிடக் கொதிகலன் குழாய், வண்டியின் புகைபோக்கி ஆகியவற்றின் வீண் வெப்பமே இக்கருவிகளுக்கு ஏற்ற மூலமாகும்.