இரண்டரை நூல்

சென்ற ஆண்டு, திருவொற்றியூர் ஆலையில் 1970களில் உருவான புல்லட் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். மதுரைக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே அதில் ஒரு போல்ட் முறிந்தது. முறித்தேன் என்று எழுதுவதே நேர்மை. கால் வைக்கும் கம்பியைப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் காணவில்லை. ஹார்டுவேர் கடையில் எட்டு மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை வாங்கி, சட்டத்தின் இரும்புத் துளையில் திருகினேன். சில சுற்றுகள் ஏறிய பின் இறுகி நின்றது. ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி அழுத்தினேன். தலை மட்டும் கையோடு வந்தது. உடல் உள்ளே தங்கிவிட்டது.

லேத்துப் பட்டறைப் பெரியவர் துளையை விளக்கொளியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது ரெண்டரை நூல் ஓட்டை. நீங்க எட்டு எம்.எம்.மை ஏத்தியிருக்கீங்க. பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். மரை வேற."

பட்டறை வழக்கில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். இரண்டரை நூல் என்பது 7.94 மில்லிமீட்டர். எட்டுக்கும் அதற்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை. ஆனால் அந்தத் துளையில் அங்குலத்துக்கு 22 மரைகள். என் போல்ட்டில் ஏறத்தாழ 20. துளையின் மரைக்கோணம் 55 பாகை, போல்ட்டினுடையது 60. வகுப்பில் மரை என்ற சொல்லுக்குக் காட்டு விலங்கு என்றும் தாமரை என்றும் பொருள் சொல்லிவந்தவன் நான். மூன்றாவது பொருளை அன்றுதான் கையால் அறிந்தேன்.

அந்த 55 பாகைக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஓரிடத்துப் போல்ட் மற்றோரிடத்து நட்டில் ஏறாது. ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் தொழில் பயின்ற ஜோசப் விட்வொர்த், பல பட்டறைகளின் திருகாணிகளைத் திரட்டி ஒப்பிட்டு, 1841இல் ஒரு பொது அளவை முன்வைத்தார். கோணம் 55 பாகை. ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்ற கணக்கு. 1864இல் பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ், வெட்டுவதற்கு எளிது என்று 60 பாகையைப் பரிந்துரைத்தார். அமெரிக்கா அவர் வழியில் சென்றது.

இந்த ஐந்து பாகையின் விலை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. பிரிட்டனின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் செய்தபோது, உதிரிகள் மாற்றிப் பொருந்த வேண்டுமென்று பிரிட்டிஷ் மரைகளையே வெட்ட நேர்ந்தது. போர் முடிந்தபின், 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 60 பாகையில் ஒருமித்தன.

ஆனால் பழைய மரை அதற்குள் வேர்விட்டிருந்தது. 1955இல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்தன. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து சென்னையில் பூட்டப்பட்டன; பிறகு இங்கேயே வார்க்கப்பட்டன. வரைபடங்களோடு அங்குல மரையும் கரையிறங்கியது. அடுத்த ஆண்டே, 1956இல், மெட்ரிக் அளவைச் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது. நாடு மில்லிமீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தபோது வண்டி அங்குலத்திலேயே ஓடியது. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பின்னும், அது விட்டுச்சென்ற மரை இங்கே வாழ்ந்தது. காலப்போக்கில் மெட்ரிக் போல்ட்டுகளும் உள்ளே புகுந்தன. பல கைகள் மாறிய என் வண்டியில் இரண்டு நூற்றாண்டுகளின் அளவைகள் அருகருகே இருக்கின்றன.

பெரியவர் முறிந்த உடலின் நடுவில் பஞ்சால் புள்ளி குத்தினார். சிறு டிரில்லால் துளைத்து, பிறகு சற்றே பெரிதாக்கினார். சுற்றிலும் சூடுகாட்டி, இடமரை வெட்டிய கூம்பான எக்ஸ்ட்ராக்டரை இறக்கி, இடப்புறமாகத் திருப்பினார். இறுக்கும் திசையே கழற்றும் திசையாக, சிக்கியது மெல்ல வெளியே வந்தது. பின் ஒரு தகர டப்பாவிலிருந்து இரண்டரை நூல் டேப்பை எடுத்து எண்ணெயிட்டு, அரைச் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாகத் துளைக்குள் ஓட்டி, நான் சிதைத்த மரையை மீட்டார்.

"இதெல்லாம் இப்ப யாரும் கேக்கிறதில்ல தம்பி. எனக்கப்புறம் பழைய இரும்புக்குத்தான்" என்று டப்பாவை மூடினார்.

மரத்தின் கோணலை நீக்கும் தச்சனின் நூலையும் மனத்தின் கோணலை நீக்கும் நூலையும் நன்னூலார் ஒப்பிட்டதை ஆண்டுதோறும் நடத்துகிறேன். அழிந்த ஏடுகளுக்காக வகுப்பில் வருந்தியிருக்கிறேன். எந்தத் துளைக்கு எந்த மரை என்ற அறிவு எந்த ஏட்டிலும் ஏறாமல் இந்த மனிதரின் விரல்களில் இருக்கிறது என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

இப்போது ஞாயிறுகளில் பட்டறைக்குப் போகிறேன். அவர் ஒவ்வொரு துளையாகத் தொட்டுச் சொல்கிறார். நான் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.