கோசுப் பட்டாம்பூச்சியும் கடுகின் காரமும்

பெரிய வெள்ளைப் பட்டாம்பூச்சி பெரும்பாலும் முட்டைக்கோசு, கடுகு போன்ற கடுகுக் குடும்பச் செடிகளிலேயே முட்டையிடுகிறது. இதன் காரணத்தை நோக்கிய முதல் தடயம் 1910இல் கிடைத்தது. டச்சுத் தாவரவியலாளர் எட்வர்ட் வெர்சாஃபெல்ட், இதன் புழுக்கள் ஒதுக்கும் இலைகளில் சினிகிரின் என்ற பொருளைத் தடவினார். புழுக்கள் அவற்றைத் தின்றன. கடுகின் காரத்துக்கு மூலமான பொருள் இது. பல பூச்சிகளை விரட்டும் இதுவே இப்பூச்சிக்கு அழைப்பாக இருந்தது.

ஆனால் இலையைத் தேர்வது புழுவன்று, தாய். சினிகிரின் தாய்ப்பூச்சியை முட்டையிடத் தூண்டுவது 1960களில்தான் சோதனைகளில் தெளிவானது. இலையில் இறங்கியதும் தாய்ப்பூச்சி முன்கால்களால் அதைத் தட்டும். பாத மயிர்களே சுவையறிபவை என்பது 1973இல் காட்டப்பட்டது.

செடியினம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. சிறிய வெள்ளைப் பட்டாம்பூச்சியில் ஜூடித் மையர்சு 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, உரமிட்ட செடிகளே முட்டைகளை அதிகம் பெற்றன. புழு வளரத் தழைச்சத்து வேண்டும் அல்லவா!

தாயின் தேர்வு தவறுவதும் உண்டு. கடுகுக் குடும்பத்தின் பார்பேரியா செடியில் வைரமுதுகு அந்துப்பூச்சி விரும்பி முட்டையிடுகிறது. அதிலுள்ள சப்போனின்களால் புழுக்கள் இளம்பருவத்திலேயே இறக்கின்றன. கோசு வயல்களில் இதைப் பொறிப்பயிராக்கும் முயற்சி இதிலிருந்தே பிறந்தது.